உக்கிரபாண்டி போட்ட டபுள் அண்டர்

கயிறு மூன்றாவது தடவையாகக் கால் கட்டைவிரலில் சுளீரென்று விழுந்தபோது, உக்கிரபாண்டி ஒற்றைக் காலில் நொண்டியடித்தபடி மொட்டைமாடியை அரை வட்டம் சுற்றி வந்தார். வாய்விட்டுக் கத்த வழியில்லை. காலை ஐந்தரை மணி. கீழே வீட்டில் மனைவியும் மகளும் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

தூங்கிக்கொண்டிருந்தார்கள் என்று அவர் நினைத்திருந்தார்.

"ஏங்க! மேல என்னங்க சத்தம்?" படிக்கட்டிலிருந்து செல்லத்தாயின் குரல் வந்தது.

உக்கிரபாண்டி கயிற்றைச் சுருட்டிப் பனியனுக்குள் திணித்தார். நாற்பத்து நாலு வயதுக்கு உரிய தொப்பை அங்கே ஏற்கனவே இடம் பிடித்திருந்ததால் கயிறு பாதி வெளியே தொங்கியது.

"குரங்கு!" என்றார்.

"குரங்கா? செல்லூருலயா?"

"அழகர்மலைலருந்து வந்திருக்கும். பெரிய கடுவன். நீ மேல வராத, கடிச்சுப்புடும். நான் வெரட்டிட்டேன்."

சந்தேகப்படப்போகிறாள் என்று அவருடைய காதுகள் சூடாகத் தொடங்கின. உக்கிரபாண்டிக்கு வெட்கம் எப்போதும் காதில்தான் முதலில் வந்து இறங்கும். ஆனால் செல்லத்தாய் ஒரு நொடி யோசித்துவிட்டு, "ஆமாங்க, நானும் பார்த்தேன். பகல்லகூட வருது" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இல்லாத குரங்கை இவள் எப்படிப் பார்த்தாள் என்று யோசிக்கிற நிலையில் அவர் இல்லை. கட்டைவிரல் வீங்கிக்கொண்டிருந்தது.

இவ்வளவுக்கும் காரணம் அவருடைய வாய். பத்து நாளைக்கு முன்னால், எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் ரோகிணி செல்போனில் ஒரு வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். எந்த நாட்டுப் பெண்ணோ, ஒரே குதியில் கயிறு இரண்டு தடவை காலடியில் போய்வரும்படி ஸ்கிப்பிங் ஆடிக்கொண்டிருந்தது. அதற்குப் பெயர் டபுள் அண்டர் என்று ரோகிணி சொன்னாள். அந்த வார்த்தையை உக்கிரபாண்டி வாழ்க்கையில் முதல்முறையாகக் கேட்டது அப்போதுதான்.

"இதென்னம்மா பிரமாதம்? காலேஜ்ல அப்பா போடாத டபுள் அண்டரா? கயித்தக் கையில எடுத்தா கிரவுண்டே எந்திரிச்சு நிக்கும்" என்றார்.

காலேஜில் உக்கிரபாண்டிக்கும் ஸ்கிப்பிங் கயிற்றுக்கும் தொடர்பு இருந்தது உண்மைதான். விளையாட்டுச் சாமான் அறையின் சாவி அவரிடம் இருந்தது. காலையில் பன்னிரண்டு கயிறு எடுத்துக் கொடுப்பார், சாயங்காலம் பன்னிரண்டு கயிறு வாங்கி வைப்பார். அவர் வென்ற ஒரே பரிசு, எலுமிச்சம்பழத்தைக் கரண்டியில் வைத்து ஓடும் போட்டியில் கிடைத்த ஆறுதல் பரிசு. ஒரு சோப்பு டப்பா.

"நெசமாவாப்பா?" என்று ரோகிணி நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தப் பார்வைக்காக அவர் இன்னும் நாலு பொய் சொல்லத் தயாராக இருந்தார். ஒரு வருடமாக அந்தப் பிள்ளை அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. ஏழாம் வகுப்பு முடியும்வரை பள்ளிக்கூட வாசலில்தான் மொபெட்டை நிறுத்தி இறக்கிவிடுவார். எட்டாம் வகுப்பு தொடங்கியதும், "அப்பா, அந்த ஜெராக்ஸ் கடைகிட்டயே விட்ருங்க, நான் நடந்துக்கிறேன்" என்றாள். அடுத்த மாதம் ஜெராக்ஸ் கடை மருந்துக் கடை ஆனது. அதற்கடுத்த மாதம் மருந்துக் கடை பஸ் ஸ்டாப் ஆனது. தன் சட்டையா, வண்டியா, தொப்பையா, எது மகளுக்கு வெட்கமாக இருக்கிறது என்று கேட்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கேட்டால் மூன்றும் என்று சொல்லிவிடுவாளோ என்ற பயமும் இருந்தது.

நாலு நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு தாள் வந்தது. "அப்பா, இதுல ஒரு கையெழுத்து" என்று ரோகிணி நீட்டினாள். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் எந்தத் தாளையும் உக்கிரபாண்டி படித்தது கிடையாது. அப்பா பெயர், அப்பா கையெழுத்து, அப்பா போன் நம்பர். இந்த மூன்றையும் கொடுப்பதுதான் தன் பொறுப்பு, மிச்சத்தையெல்லாம் செல்லத்தாய் பார்த்துக்கொள்வாள் என்பது அந்த வீட்டின் எழுதாத சட்டம். மொபெட் சீட்டில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கப்பலூருக்குக் கிளம்பிவிட்டார். அங்கே பிளாஸ்டிக் பெட்டி செய்யும் கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர்.

மறுநாள் வேலை நேரத்தில் போனில் செய்தி வந்து விழுந்தது. "விளையாட்டு விழா, பெற்றோர் திறன் காட்சி. ரோகிணி வீட்டிலிருந்து ஸ்கிப்பிங்குக்குப் பெயர் பதிவாகிவிட்டது. டபுள் அண்டர், கிரிஸ் கிராஸ் உட்பட மூன்று நிமிடம். வாழ்த்துகள்! பவதாரிணி, உடற்கல்வி ஆசிரியை."

உக்கிரபாண்டி மூன்று முறை படித்தார். மூன்றாவது முறை இரண்டு காதுகளும் எரிந்தன. மகள் நம்பிவிட்டாள். நம்பியதோடு நிற்காமல் ஊருக்கும் சொல்லிவிட்டாள். பஸ் ஸ்டாப்பில் இறங்கிக்கொள்ளும் பிள்ளை, ஆயிரம் பேருக்கு முன்னால் இவர்தான் எங்கப்பா என்று காட்டத் துணிந்திருக்கிறாள். அவளிடம் போய், "தாயி, நான் சாவி வச்சிருந்தவன்" என்று எப்படிச் சொல்வது?

செல்லத்தாயிடமும் சொல்ல முடியாது. போன வருடம் அவள், "உடம்பு கனமாயிருச்சுங்க, நானும் எதாச்சும் எக்சர்சைஸ் பண்ணவா?" என்று கேட்டபோது, "மாடிப்படி ஏறி எறங்கு, போதும்" என்று சொல்லி விழுந்து விழுந்து சிரித்தவர் அவர். இப்போது அவள் சிரிக்கும் முறை வந்துவிடும்.

ஆகவே மொட்டைமாடி, ஐந்தரை மணி, குரங்கு.

குரங்கு அதோடு போகவில்லை. மறுநாள் விடிகாலையில் கயிற்றோடு மாடிக்குப் போனால், அங்கே ஐந்து பேர் கம்போடு உட்கார்ந்திருந்தார்கள். தலைமை, கீழ்த்தளத்தில் விசைத்தறி ஓட்டும் மலையாண்டி.

"வாங்கண்ணே. மதினி சொல்லுச்சு, கடுவன் நடமாட்டமாம்ல. இன்னைக்கு ஒரு முடிவு கட்டிருவோம்."

உக்கிரபாண்டி கையில் ஒரு கம்பைக் கொடுத்தார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், துணிக் கொடிக்குக் கீழே என்று அரை மணி நேரம் அவர் தன்னைத்தானே தேடினார்.

"எம்புட்டு உசரம் இருக்கும்ணே?" என்று ஒருவர் கேட்டார்.

"என் உசரம் இருக்கும்."

"ஆத்தாடி! அப்ப அது மனுசக் கொரங்குல்ல!"

மலையாண்டி தாடையைத் தடவினான். "டயமு தவறாத கொரங்குண்ணே. வெள்ளன அஞ்சரைக்கு ஒருக்கா, பகல்ல பதினோரு மணிக்கு ஒருக்கா. தொம்மு தொம்முன்னு குதிக்கிது. மேல இருந்து சுண்ணாம்பு உதுந்து நெய்யிற சேலை பூராம் கொட்டுது."

பதினோரு மணிக்கு உக்கிரபாண்டி கப்பலூரில் பெட்டி எண்ணிக்கொண்டிருப்பார். நாம் சொன்ன பொய்யைக் கேட்டு நிஜமாகவே ஒரு குரங்கு வந்துவிட்டதா?

மாடிக்குக் காவல் போட்டுவிட்டதால் இரண்டு நாள் பயிற்சி நின்றது. விழாவுக்குப் பதினாலு நாள்தான் பாக்கி. வேறு வழியில்லாமல் தறிக் கொட்டகைக்குள் போய் மலையாண்டியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"மலையாண்டி, யார்ட்டயும் சொல்லாத. அந்தக் கொரங்கு நாந்தான்."

மலையாண்டி அவரை மேலும் கீழும் பார்த்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "சரிண்ணே. அப்ப பதினோரு மணிக்கு?" என்றான்.

"அது எனக்குத் தெரியாதுப்பா."

"அப்ப ரெண்டு கொரங்கா?"

இரண்டு பேரும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார்கள்.

மலையாண்டி நல்லவன். ஆறு மணிக்குத் தறி ஓட்டத் தொடங்கும்போது, கொட்டகையின் மூலையில் நூல் சுற்றிய பாவு உருளைகளை ஒதுக்கி ஆறடிக்கு ஆறடி இடம் கொடுத்தான். தறிச் சத்தத்தில் யானை குதித்தாலும் வெளியே கேட்காது.

அங்கேதான் அந்த அதிசயம் நடந்தது. தறி, 'டடக் டடக்' என்று நிமிடத்துக்கு நூற்று இருபது அடி அடித்தது. உக்கிரபாண்டியின் கால்கள் அவரைக் கேட்காமலேயே அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டன. 'ட'வுக்குக் கயிறு, 'டக்'குக்குக் கால். முதல் நாள் பன்னிரண்டு. மூன்றாம் நாள் நாற்பது. ஐந்தாம் நாள் தடுக்காமல் நூறு.

"கையச் சுத்தாதீங்க, மணிக்கட்ட மட்டும் சுத்துங்க. ஒசரமாக் குதிக்காதீங்க. நுனிக்கால்ல நில்லுங்க" என்று வீடியோவில் ஒரு ஒல்லிப் பையன் சொன்னதெல்லாம் தறிக்கு முன்னால் தானாக வந்தது. ஏழாம் நாள் இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே மாற்றிக் கயிற்றுக்குள் புகுந்து வெளியே வந்தார். கிரிஸ் கிராஸ்! மலையாண்டி தறியை விட்டுவிட்டுக் கைதட்டினான்.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. பன்னிரண்டு தறியும் நின்றன. உக்கிரபாண்டியும் நின்றார். ஒரு கால் அந்தரத்தில்.

"ஏண்ணே நிப்பாட்டிட்டீக?"

"தெரியலப்பா. கால் நகர மாட்டேங்குது."

"கரண்டு உங்க காலுலயுமாண்ணே ஓடுது?"

சோதித்துப் பார்த்தார்கள். தறி ஓடினால் உக்கிரபாண்டி ஆடினார். தறி நின்றால் இரண்டாவது குதியிலேயே கயிறு கட்டைவிரலைத் தேடி வந்தது. விழா மைதானத்துக்குத் தறியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. மலையாண்டிதான் யோசனை சொன்னான். போனில் மூன்றரை நிமிடம் தறிச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டார்கள்.

ஆனால் டபுள் அண்டர் மட்டும் வரவில்லை. கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வீரணனிடம், யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டார். வீரணன் ஜிம்முக்குப் போகிறவன்.

"கயிறு சரியில்லைன்னு சொல்லு மாப்ள உன் ஃப்ரெண்டுகிட்ட. நைலான் கயிறு காத்துல மிதக்கும். வேகத்துக்கு ஒயர் கயிறு வேணும். பைக் கிளட்ச் கேபிள் ரெண்ட எடுத்து முடிஞ்சாப் போதும், சும்மா சொய்ங்னு போகும்."

சொய்ங் என்றுதான் போனது. போன வேகத்தில் திரும்பி வந்து முதுகில் விழுந்தது. ஒரே காலையில் முதுகில் ஏழு, கெண்டைக்காலில் நாலு. சிவப்புச் சிவப்பாக, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. ஆனால் பன்னிரண்டாவது தடவை கேபிள் இரண்டு முறை காலடியில் போனது. வாழ்க்கையின் முதல் டபுள் அண்டர்! அந்தச் சந்தோஷத்தில் சட்டையைப் போட மறந்து, துண்டோடு வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்.

"அய்யய்யோ!" செல்லத்தாயின் கையிலிருந்த தோசைக்கரண்டி கீழே விழுந்தது. "யாருங்க இப்படி அடிச்சது?"

"யாரும் அடிக்கல. கம்பெனில... பெல்ட்டு. பெட்டி ஓடுற கன்வேயர் பெல்ட்டு இருக்குல்ல, அதுல ஒரு பட்டை அந்து வந்து மேல பட்டுருச்சு. நேத்து."

"ஏழு தடவயா?"

"சுத்துற பெல்ட்டுல்ல. சுத்திச் சுத்திப் பட்டுச்சு."

செல்லத்தாயின் கண்கள் கலங்கின. "எங்களுக்காக அங்க போயி இம்புட்டு அடி வாங்கிட்டு, ஒத்த வார்த்த சொல்லாம இருந்திருக்கீங்களே" என்று எண்ணெய் தடவினாள். அவள் தடவத் தடவ உக்கிரபாண்டியின் காது எரிந்தது. முதுகைவிடக் காதுதான் வலித்தது.

எண்ணெயோடு நிறுத்தியிருக்கலாம். அவள் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டாள்.

அன்று பத்து மணிக்குக் கன்வேயர் நின்றது. சேஃப்டி ஆபீசர் பீமாராவ் எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லாத மனிதர். பெல்ட்டின் ஒவ்வோர் அடியையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒவ்வொரு போல்ட்டையும் முடுக்கிப் பார்த்தார். மத்தியானம்வரை தேடியும், ஒரு மனிதனை ஏழு முறை அடிக்கக்கூடிய எதுவும் அங்கே இல்லை.

"பாண்டிண்ணே, கரெக்டா எந்த எடத்துல நின்னீங்க?"

உக்கிரபாண்டி ஓர் இடத்தைக் காட்டினார். காட்டிய வேகத்தில் இரண்டடி பின்வாங்கினார். அந்தப் பின்வாங்கலைப் பார்த்து பீமாராவின் முகம் இன்னும் இளகியது.

"பயப்படாதீங்க. வலிய மறைச்சு வேலை பார்த்திருக்கீங்க. தப்பு எங்க மேல. இன்னைக்கே கம்பி வேலி போட்டுர்றேன்."

சொன்னபடி மறுநாளே போட்டார். அதோடு தொழிலாளர்கள் அத்தனை பேரையும் கூட்டி, அடிபட்டால் மறைக்கக்கூடாது என்று அரை மணி நேரம் பேசினார். "நம்ம பாண்டி அண்ணன் வீட்டுல தைரியமா ஒரு போன் போட்டதாலதான் இன்னைக்கு நம்ம எல்லாருக்கும் பாதுகாப்பு" என்று முடித்தபோது எல்லாரும் கைதட்டினார்கள். வேலிக்குப் பக்கத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். வீரணன் மட்டும் போட்டோவையும் அவருடைய கெண்டைக்காலையும் மாறி மாறிப் பார்த்தான்.

"மாப்ள, உன் ஃப்ரெண்டுக்கு கேபிள் எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுதாம்" என்றார் உக்கிரபாண்டி, தரையைப் பார்த்து.

பீமாராவ் கட்டாயமாக மூன்று நாள் சம்பளத்தோடு லீவு கொடுத்தார். அதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் வீட்டிலேயே படுக்கச் சொல்லிவிடுவாள். காலையில் சாப்பாட்டுத் தூக்கோடு கிளம்பித் தெருவைச் சுற்றிவிட்டுத் தறிக் கொட்டகைக்குள் நுழைந்துகொள்வார். தன் வீட்டுக்குக் கீழேயே, தனக்காக மனைவி கட்டிக் கொடுத்த சாப்பாட்டை ஒளிந்து உட்கார்ந்து சாப்பிட்டார். பதினோரு மணிக்கு மேலே இருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது. மலையாண்டி அண்ணாந்து பார்த்தான்.

"ரெண்டாவது கொரங்கு வந்துருச்சுண்ணே."

"வரட்டும். அது பாட்டுக்குக் குதிக்கட்டும்" என்றார் உக்கிரபாண்டி. சக குரங்கின் மேல் அவருக்கு ஒரு பரிவு உண்டாகியிருந்தது.

ராத்திரி மூட்டுவலித் தைலத்தைத் தேடினால் புட்டி காலி. திங்கட்கிழமை வாங்கியது. நாம்தான் அளவு தெரியாமல் பூசித் தீர்த்துவிட்டோம் என்று நினைத்து, செல்லத்தாய் கவனிப்பதற்குள் இன்னொன்று வாங்கி அதே இடத்தில் வைத்தார். அதுவும் மூன்றே நாளில் காலி. அவள் ஒன்றுமே கேட்காததுதான் அவருக்கு உறுத்தியது. எவ்வளவு பெரிய மனசு!

விழாவுக்கு முந்தின நாள் செல்லத்தாய் சாப்பாடு போட்டுக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"நாளைக்கு நீங்க லீவெல்லாம் போட வேணாங்க. அடிபட்ட ஒடம்பு. ஸ்கூல் விழால என்ன இருக்கப்போகுது? வெயில்ல நிக்கணும். நான் போயிட்டு வாரேன்."

"ஆமாப்பா, நீங்க வர வேணாம்" என்றாள் ரோகிணி அவசரமாக. சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்துச் சிரிப்பை அடக்கினாள்.

உக்கிரபாண்டிக்கு எல்லாம் புரிந்தது. அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று பிள்ளை நடிக்கிறது! அவரும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "எனக்கு எங்க நேரம்? ஸ்டாக் எடுக்கணும்" என்றார். மகளைப் பார்த்து லேசாகக் கண்ணடித்தார். ரோகிணி குழம்பிப்போய்ச் சோற்றைப் பிசைந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு அவர் மொபெட்டைப் பஸ் ஸ்டாப்பிலும் நிறுத்தவில்லை, மருந்துக் கடையிலும் நிறுத்தவில்லை. நேராகப் பள்ளிக்கூட வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். புது டிராக் பேண்ட், வெள்ளை ஷூ, பையில் கேபிள் கயிறு. பெற்றோர் கூட்டத்தில் செல்லத்தாயைக் காணவில்லை. நல்லதாகப் போயிற்று என்று மைக்செட்காரரிடம் போய்ப் போனைக் கொடுத்தார்.

"ரோகிணி வீட்டு ஸ்கிப்பிங்னு சொன்னதும் இதப் போட்டு விடுங்க."

மைக்செட்காரர் ஒரு நொடி காதில் வைத்துக் கேட்டார். "என்ன சார் இது, பாட்டா?"

"எனக்கு அதுதான் பாட்டு."

மாணவிகள் வரிசையிலிருந்து ரோகிணி அவரைப் பார்த்துவிட்டாள். அவள் முகம் வெளிறியது. வாயைத் திறந்து ஏதோ சொல்லக் கையை ஆட்டினாள். உணர்ச்சிவசப்படுகிறாள் என்று நினைத்த உக்கிரபாண்டிக்குக் கண் கலங்கியது. அப்பா இருக்கேன், பயப்படாதே என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

"அடுத்ததாக, எட்டாம் வகுப்பு பி பிரிவு, உக்கிரபாண்டி மகள் ரோகிணியின் வீட்டிலிருந்து... ஸ்கிப்பிங்!"

கடைசி வார்த்தை முடிவதற்குள் உக்கிரபாண்டி மைதானத்தின் நடுவில் இருந்தார்.

நாலு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளிலிருந்தும் 'டடக் டடக்' என்று விசைத்தறி ஓடியது. கூட்டம் திடுக்கிட்டது. ஜெனரேட்டர் வெடிக்கப்போகிறது என்று எலக்ட்ரீஷியன் ஒருவர் மைதானத்தின் ஓரமாக ஓடினார். உக்கிரபாண்டி எதையும் கவனிக்கவில்லை. நுனிக்கால், மணிக்கட்டு, தறி. பத்து, இருபது, முப்பது. கை குறுக்கே போனது, வந்தது. கிரிஸ் கிராஸ்! யாரோ விசிலடித்தார்கள். மூச்சை ஆழமாக இழுத்துக்கொண்டு எம்பினார். கேபிள் சொய்ங், சொய்ங் என்று இரண்டு தடவை காலடியில் பாய்ந்தது. டபுள் அண்டர்! ஆயிரம் பேர் கைதட்டினார்கள். உக்கிரபாண்டி வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் தொப்பையை மறந்தார். இன்னொன்று போடலாம் என்று மறுபடி எம்பினார்.

அவர் அந்தரத்தில் இருந்தபோது, நாலு பெட்டிகளிலிருந்தும் மலையாண்டியின் குரல் இடியாக இறங்கியது.

"எலேய், நூலு அந்துபோச்சுடா! நிப்பாட்டு! நிப்பாட்டு!"

தறி நின்றது. உக்கிரபாண்டியின் கால்களும் நின்றன. தரைக்கு வந்தது உடம்பு மட்டும்தான். கேபிள் இரண்டு கணுக்காலையும் சேர்த்துக் கட்டியது. நாலடி தூரம் தவ்விப்போய், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சிறப்பு விருந்தினரின் காலடியில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். சிறப்பு விருந்தினர் பெரியவர். என்ன நடக்கிறது என்று புரியாவிட்டாலும், காலில் விழுந்தவருக்குச் செய்யவேண்டியதைச் செய்தார். குனிந்து தலையில் கைவைத்து, "நல்லா இருங்க" என்றார்.

மைதானம் சிரித்தது. முதலில் பிள்ளைகள், அப்புறம் பெற்றோர், கடைசியில் அடக்க முடியாமல் ஆசிரியைகளும்.

உக்கிரபாண்டி மெல்ல எழுந்து முழங்காலில் உட்கார்ந்தார். டிராக் பேண்ட் முட்டியில் கிழிந்திருந்தது. காதில் தொடங்கிய சூடு கழுத்து, முதுகு என்று இறங்கிக்கொண்டிருந்தது. கேபிளின் சிக்கலை எடுக்கக் கை வரவில்லை. சிரிக்கிற ஆயிரம் முகங்களில் ஒரு முகத்தை மட்டும் தேடினார். ரோகிணி இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள். இனிமேல் பஸ் ஸ்டாப்பிலும் இறங்கமாட்டாள், வண்டியிலேயே ஏறமாட்டாள். சாவி வைத்திருந்தவன் சாவியோடு நின்றிருக்க வேண்டும். அந்தப் பிள்ளை தன்னை நம்பிக் கொடுத்த ஒரே ஒரு காரியம்!

உடற்கல்வி ஆசிரியை பவதாரிணி விசிலைக் கழுத்தில் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தாள். அவரைக் கைகொடுத்துத் தூக்கிவிட்டு, கணுக்காலில் சுற்றியிருந்த கேபிளைத் தானே குனிந்து பிரித்தாள்.

"என்னை மன்னிச்சிருங்க மிஸ்" என்றார் உக்கிரபாண்டி. "ரோகிணிய எதுவும் சொல்லிறாதீங்க. எம்மேல இருந்த நம்பிக்கைல பேரு குடுத்துருச்சு."

"அய்யோ, உங்க பேர அவ குடுக்கவே இல்லையே சார், கொஞ்சம் ஓரமா வந்து நில்லுங்க, ரெண்டு மாசமா உங்களுக்குத் தெரியாம வீட்டுக்குள்ளயே ப்ராக்டிஸ் பண்ணிட்டு, பேரு குடுத்த அவங்க அம்மா கயித்தோட பின்னாடி நிக்கிறாங்க."